நோயுற்ற கூஸ் வாத்தைப் பராமரித்தல்

நோயுற்ற கூஸ் வாத்தைப் பராமரித்தல் என்பது சிறு பண்ணைகளிலும் தோட்டங்களிலும் குறைந்த எண்ணிக்கையில் வளர்க்கப்படும் கூஸ் வாத்துகளின் நோய் அறிகுறிகளைக் கண்டறிதல், நோயுற்ற பறவையைப் பிரித்து வைத்துத் தேற்றுதல், கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய நிலையை உணர்தல் ஆகியவற்றைக் குறிக்கும். கூஸ் என்பது சாதாரண வாத்தைவிட உருவில் பெரியதும் நீண்ட கழுத்து உடையதும் பெரும்பாலும் புல் மேய்ந்து வாழ்வதுமான நீர்ப்பறவை. ஐரோப்பிய வளர்ப்பினங்கள் சாம்பல் நிறக் காட்டுக் கூஸிலிருந்தும், அலகின் மேல் புடைப்புடைய சீன இனங்கள் கிழக்காசியக் காட்டுக் கூஸ் ஒன்றிலிருந்தும் தோன்றியவை. தமிழ்நாட்டில் தென்னந்தோப்புகளிலும் பண்ணை வீடுகளிலும் காவலுக்கென இவற்றை ஓரிரு இணைகளாக வளர்க்கின்றனர்.

ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள பண்ணையில் மருத்துவம் என்பது கூட்டத்துக்கானது. சிறு பண்ணையில் நிலைமை வேறு. நான்கு கூஸ்களில் ஒன்று இறந்தால் கால் பங்கு போய்விடுகிறது; இணை இழந்த பறவை பல நாள்கள் கத்திக்கொண்டு திரியும். நன்றாகக் கவனிக்கப்படும் கூஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால், ஒரு பறவையைக் காப்பாற்ற எடுக்கும் முயற்சி வீணல்ல. ஆனால் அந்த முயற்சி பெரும்பாலும் தவறான இடத்தில், அதாவது கோழி மருந்து வாங்கி வாயில் ஊற்றுவதில், தொடங்குகிறது. முதல் நாளில் பறவைக்குத் தேவைப்படுவது மருந்தைவிட ஓய்வு, தகுந்த வெப்பம், நீர், துணை ஆகியவையே.

நோயை மறைக்கும் பறவை

கூட்டமாக வாழும் பறவைகள் தம் பலவீனத்தை வெளிக்காட்டுவதில்லை. பலவீனமாகத் தெரியும் பறவையையே இரைகொல்லிகள் குறிவைக்கும் என்பதால் இது இயற்கையாக அமைந்த தற்காப்பு. எனவே ஒரு கூஸ் கண்ணை மூடி, இறகைச் சிலிர்த்து, தனியே உட்கார்ந்திருக்கும் நிலையில் வளர்ப்பவர் கவனிக்கிறார் என்றால், நோய் தொடங்கிச் சில நாள்கள் ஆகியிருக்கலாம். அதற்கு முந்தைய அறிகுறிகள் சிறியவை. காலையில் கொட்டகையைத் திறந்ததும் முன்னால் ஓடிவரும் பறவை கடைசியாக வருவது, மேயும்போது அடிக்கடி உட்காருவது, அந்நியரைக் கண்டு மற்றவை கத்தும்போது இது மட்டும் பேசாமல் இருப்பது, வால் இறகு தொங்குவது, குளித்த பிறகு இறகைக் கோதாமல் இருப்பது போன்றவை.

எச்சமும் பலவற்றைக் காட்டும். புல் மேயும் கூஸின் எச்சம் பச்சையாகவும் ஒரு பக்கம் வெண்மை படிந்தும் இருப்பது இயல்பு. அளவு குறைந்து, பளிச்சென்ற பச்சை நிறத்தில் நீராக வந்தால் பறவை சில வேளையாவது உண்ணவில்லை என்று கொள்ளலாம். அந்தப் பச்சை புல்லினுடையதன்று, பித்தநீரினுடையது. இரத்தம் கலந்த எச்சம் எப்போதும் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

நோய் போலத் தோன்றும் இயல்பான நிலைகளும் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கூஸ் தன் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்க்கும். புதியவை வளரும் சில வாரங்களில் அது சோர்ந்து, ஒதுங்கி, குறைவாக உண்ணும். 28 முதல் 31 நாள்கள் அடை காக்கும் பெண் பறவையும் நாளில் சிறிது நேரமே எழுந்து மேய்வதால் எடை குறைந்து காணப்படும். கோடை நண்பகலில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது வெப்பத்தைத் தணிக்கும் வழி. குளிர்ந்த விடியற்காலையில் அதையே செய்தால் அது நுரையீரல் நோயின் அடையாளம்.

பிடித்துப் பார்த்தல்

கூஸைச் சிறகைப் பற்றித் தூக்கக் கூடாது. சிறகு மூட்டு எளிதில் விலகிவிடும். மூலையில் மெதுவாக ஒதுக்கி, இரு சிறகுகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, பறவையின் தலை பிடிப்பவரின் முதுகுப்புறம் நோக்கி இருக்குமாறு அக்குளில் இடுக்கிக்கொள்வது வழக்கமான முறை. கடியும் சிறகடியும் படாமல் தப்பிக்க இது உதவும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பறவைகளுக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு விட முடியும்.

முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது நெஞ்செலும்பு. இருபுறமும் சதை நிறைந்திருந்தால் நோய் அண்மையில் வந்தது; எலும்பு கத்தி முனைபோலக் கையில் தட்டுப்பட்டால் பறவை பல வாரங்களாக மெலிந்து வருகிறது. இந்த ஒரு சோதனையே மருத்துவருக்குப் பெரிதும் உதவும். பிறகு கண், நாசித் துளை, வாயின் உட்புறம், உள்ளங்கால், ஆசனவாய்ப் பகுதி, சிறகின் அடிப்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கூஸின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 41 டிகிரி செல்சியசு என்பதால் கைக்குச் சூடாகத் தெரிவதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

சாக்கில் இட்டுத் தொங்கு தராசில் எடை பார்த்து, தேதியுடன் குறித்து வைப்பது நல்லது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பறவை தேறுகிறதா இல்லையா என்பதையும் கண்ணைவிட எடையே முன்னதாகக் காட்டும். சிறு பண்ணையின் மருத்துவக் கருவிகளில் முதலிடம் தராசுக்குத்தான்.

முதல் நாள்

நோயுற்ற பறவையைக் கூட்டத்திலிருந்து பிரிக்க வேண்டும். தொற்றைத் தடுப்பது மட்டும் இதற்குக் காரணமன்று. பலவீனமான பறவையை மற்றவை கொத்தி விரட்டும், தீவனத்தை நெருங்கவிடா. ஆனால் கூஸைக் கண்ணுக்கெட்டாத அறையில் தனியே அடைத்தால், அந்தத் தனிமையாலேயே உண்ண மறுக்கும். கூட்டத்தைப் பார்க்கும்படி, குரல் கேட்கும்படி, கம்பி வலை தடுப்புக்கு இப்பால் வைப்பது பொருத்தம். காயம், கால் ஊனம் போன்ற தொற்றாத கோளாறு என்றால் அதன் இணையை உடன் விடலாம். தொற்று என்ற ஐயம் இருந்தால் தடுப்பிலிருந்து சில மீட்டர் இடைவெளி விட்டு, நலமான பறவைகளுக்கு முதலிலும் நோயுற்றதற்குக் கடைசியிலும் தீவனம் வைக்க வேண்டும். செருப்பையும் வாளியையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தரையில் உலர்ந்த மரத்தூள் சீவலோ பழைய துணியோ தடிமனாகப் பரப்ப வேண்டும். பூஞ்சை பிடித்த வைக்கோல் கூடவே கூடாது. அதிலுள்ள ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையின் வித்துகள் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் வேர்விட்டு வளரும்; நீர்ப்பறவைகள் இதற்கு எளிதில் ஆளாகும், முற்றிய பின் மருந்து பெரும்பாலும் பலன் தருவதில்லை. காலொன்றுக்கு வந்த பறவை மூச்சு நோயால் இறப்பது இந்த வகையில்தான்.

மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் நோயுற்ற பறவைக்கு 28 முதல் 30 டிகிரி வரை வெப்பம் தேவைப்படும். குண்டு பல்பை ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட்டால், பறவை வேண்டும்போது அருகில் வரும், போதும் என்றால் விலகும். குளிர்நாட்டு வழிகாட்டி நூல்கள் எப்போதும் விளக்கு வைக்கச் சொல்லும். சித்திரை வெயிலில் அதைப் பின்பற்றினால் பறவை வெப்பத்தாலேயே இறந்துவிடும். கோடையில் தேவை நிழலும் காற்றோட்டமும் நனைத்த சாக்குத் திரையும்தான்.

தண்ணீர்ப் பாத்திரம் அலகையும் நாசித் துளையையும் முக்கி அலசும் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். அப்படி அலசாவிட்டால் நாசியில் தீவனத் துகள் அடைத்துக் கண்ணும் வீங்கும். ஆயினும் எழ முடியாத பறவைக்குத் தொட்டியோ குளமோ ஆபத்து. நீர்ப்பறவை மூழ்காது என்பது பொது நம்பிக்கை. நோயில் இறகைக் கோதி எண்ணெய் பூசாத கூஸ் நனைந்து கனத்து மூழ்கிவிடும்.

கழிச்சலாலும் பட்டினியாலும் நீர் இழந்த பறவைக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சிறு கரண்டிச் சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் சேர்த்த கரைசலைச் சில மணி நேரம் வைக்கலாம். அருகில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும். தானாகக் குடிக்காத பறவையின் அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது விழுங்கிய பிறகே அடுத்த சொட்டை விட வேண்டும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாயில் ஊற்றுவது சிறு பண்ணைகளில் பறவைகள் இறக்க ஒரு முக்கியக் காரணம். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால் ஊற்றும் நீர் நேராக நுரையீரலுக்குச் செல்லும். குழாய் செலுத்தி உணவூட்டுவதை மருத்துவர் செய்து காட்டிய பிறகே செய்ய வேண்டும்.

உணவை வற்புறுத்துவதைவிட ஆசைகாட்டுவது நல்லது. பொடியாக நறுக்கிய அறுகம்புல், அகத்திக்கீரை, முருங்கைக்கீரை ஆகியவற்றைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டால், தட்டில் இருப்பதைத் தொடாத கூஸும் நீரில் மிதப்பதைக் கொத்தும். ஊறவைத்த குருணையும் தவிடும் கலந்த கூழைச் சிறிது சிறிதாக வைத்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நம் வெப்பத்தில் அது விரைவில் புளிக்கும்.

காலும் நடையும்

சிறு பண்ணைகளில் மிக அதிகமாகக் காணப்படும் குறை நொண்டல். வளர்ந்த பறவையில் முதலில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சிமெண்ட் தரை, சரளைக் கல், முள் ஆகியவற்றால் ஏற்பட்ட சிறு கீறலில் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி புகுந்து, நடுவில் கரும் பொருக்குடன் பாதம் வீங்கும். கனமான பறவைக்கு இது எளிதில் வரும். தொடக்கத்திலேயே கண்டால், வெதுவெதுப்பான உப்பு நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்து, போவிடோன் அயோடின் இட்டுக் கட்டி, மெத்தென்ற உலர்ந்த தரையில் விட்டால் சில வாரங்களில் ஆறும். வீக்கம் பெரிதாகவும் சூடாகவும் இருந்தால் உள்ளே சீழ் கெட்டியாகி இருக்கும். பறவையின் சீழ் நீர்போல வடிவதன்று, பாலாடைக்கட்டி போன்றது, பிதுக்கினால் வராது. மருத்துவர் அறுத்து எடுக்க வேண்டும்.

குஞ்சுகளில் நொண்டலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நீர்ப்பறவைக் குஞ்சுகளுக்கு நியாசின் என்னும் பி3 உயிர்ச்சத்து அதிகம் தேவை. இறைச்சிக் கோழிக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் போதும் என்றால், கூஸ் குஞ்சுக்கு 65 மில்லிகிராம் வரை வேண்டும். கோழித் தீவனத்தில் மட்டும் வளரும் கூஸ் குஞ்சின் கால் வளைந்து, மூட்டு தடித்து, உட்கார்ந்தே நகரும். தீவனத்தில் ஈஸ்ட் பொடி சேர்ப்பதும் பசும்புல் தருவதும் இதைத் தடுக்கும். கால் முழுதாக வளைந்த பிறகு சத்து கொடுத்தாலும் நேராவதில்லை.

மிகுதியான தீவனத்தாலும் ஒரு குறை வரும். மேய்ச்சல் இல்லாமல் கொழுத்த தீவனத்தில் வேகமாக வளரும் குஞ்சின் சிறகு முனையிலுள்ள இறகுகள் இரத்தம் நிரம்பிக் கனத்து, கடைசி மூட்டை வெளிப்புறமாக முறுக்கிவிடும். இதை ‘தேவதைச் சிறகு’ என்பர். கண்ட உடனே சிறகை இயல்பாக மடித்து மென்மையான நாடாவால் கட்டி, தீவனத்தைக் குறைத்துப் புல்லில் விட்டால், சில நாள்களில் சரியாகும். எலும்பு முற்றிவிட்டால் வாழ்நாள் முழுவதும் அப்படியே இருக்கும்; பறவைக்கு வலி இல்லை, பறக்க மட்டும் முடியாது.

தின்றதால் வரும் கேடு

கடலைப் புண்ணாக்கு தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்கும் புரதத் தீவனம். ஈரம் பட்ட புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் பெருமளவில் இறந்தபோதுதான் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. கோழியைவிட வாத்துக் குஞ்சும் கூஸ் குஞ்சும் இதற்கு மிக எளிதில் ஆளாகும். நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்; மாற்று மருந்து இல்லை. பல பறவைகள் ஒரே நேரத்தில் மெலிந்து சோர்ந்தால் முதலில் தீவன மூட்டையை மாற்ற வேண்டும். வெயிலில் உலர்த்தினாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு நீங்காது.

கழுத்து துவண்டு தரையில் கிடக்க, கண் மட்டும் விழித்திருக்கும் பறவை பாட்டுலிசம் என்னும் நச்சுணவு நோயில் இருக்கலாம். கோடையில் வற்றும் குட்டையில் அழுகிய மீனிலும் செத்த உயிரியின் புழுக்களிலும் இந்நஞ்சு உருவாகும். முதலில் கால், பிறகு சிறகு, கடைசியில் கழுத்து என்று தளர்ச்சி ஏறும். மூச்சுத் தசை தளரும் முன் நல்ல நீர் கொடுத்துத் தலையைத் தாங்கி நிழலில் வைத்தால் லேசாகப் பாதிக்கப்பட்டவை ஓரிரு நாள்களில் எழுந்துவிடுவதுண்டு. மற்றவற்றைக் குட்டைக்குச் செல்லவிடாமல் தடுப்பது அதைவிட அவசரம்.

புல் மேய்வதால் பூச்சிக்கொல்லியும் கூஸை எளிதில் எட்டும். அமெரிக்காவில் டயசினான் தெளித்த கோல்ஃப் திடல்களில் மேய்ந்த காட்டுக் கூஸ்கள் இறந்ததை அடுத்து, அங்கே அம்மருந்தைத் தெளிப்பது 1980-களின் இறுதியில் தடை செய்யப்பட்டது. அடுத்த வயலில் மருந்து தெளித்த நாளில் உமிழ்நீர் ஒழுகி, நடுங்கி, கண்மணி சுருங்கிய பறவையை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தெளித்த மருந்தின் பெயரையும் கேட்டுச் செல்வது உதவும். ஈயம் இன்னொரு நஞ்சு. மண்ணிலும் குளக்கரையிலும் கிடக்கும் தூண்டில் ஈயக் குண்டைக் கல்லென்று நினைத்துக் கூஸ் விழுங்கும். அரைவைப்பையில் அது தேய்ந்து தேய்ந்து இரத்தத்தில் கலக்கும்.

முட்டை அடைப்பு

முட்டையிடும் பருவத்தில் பெண் பறவை வாலை ஆட்டியபடி முக்கி, பெங்குவின் போல நிமிர்ந்து நின்று, நாள் முழுவதும் முட்டையிடாமல் தவித்தால் முட்டை அடைத்திருக்கலாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு, கொழுப்பு, முதல் முட்டையின் பெரிய அளவு ஆகியவை காரணங்கள். அடிவயிறு முங்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் அமரவைத்து, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டால் சில நேரம் இட்டுவிடும். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியேற்ற முயலக் கூடாது. உள்ளே உடைந்தால் வயிற்றறை அழற்சியில் பறவை இறக்கும். சில மணி நேரத்தில் பலன் இல்லையெனில் கால்சியம் ஊசி தேவைப்படும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாத நோய்களில் இது ஒன்று.

மருந்தும் மருத்துவரும்

கடையில் கிடைக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளின் அளவு கோழிக்குக் கணக்கிடப்பட்டது. அதைத் தண்ணீரில் கலப்பதால் இரண்டு சிக்கல்கள்: நோயுற்ற பறவை குறைவாகக் குடிக்கிறது; கூஸ் குடிக்கும் நீரிலேயே முகம் கழுவி அதைச் சிந்திவிடுகிறது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆக்ஸிடெட்ராசைக்ளினுடன் கிளிஞ்சல் தூள் கொடுத்தால் சுண்ணாம்பு அம்மருந்தைப் பிணைத்து உடலில் சேரவிடாது. கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தருவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. வலிக்கென வீட்டிலுள்ள டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தரவே கூடாது. மாட்டுக்குத் தந்த இம்மருந்து இறந்த மாட்டின் இறைச்சி வழியே சென்று பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றின் இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. கால்நடைகளுக்கான அதன் பயன்பாடு 2006-இல் தடை செய்யப்பட்டது.

நாய் கடித்த காயத்தை ஆறிய உப்பு நீரில் கழுவி, சுற்றியுள்ள இறகை வெட்டி, அயோடின் இட்டு, ஈ அண்டாமல் வலைக்குள் வைக்க வேண்டும். மாட்டின் புழுப்புண்ணில் விடும் டர்பென்டைன் எண்ணெய் பறவையின் மெல்லிய தோலுக்கு ஏற்றதன்று. நாய்க்கடியில் வெளியே சிறு துளை மட்டும் தெரிந்தாலும் உள்ளே தசை நசுங்கியிருக்கும் என்பதால் அன்றே ஊசி போடுவது பாதுகாப்பானது.

மருத்துவரிடம் செல்லும்போது அன்றைய எச்சம், தீவனத்தின் மாதிரி, எடைக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே குடற்புழு முட்டை தெரியும். அரைவைப்பையின் உட்சுவரில் வாழும் அமிடோஸ்டோமம் என்னும் புழு இளம் கூஸ்களைக் கொல்லக்கூடியது. ஆண்டுதோறும் ஒரே புல்தரையில் மேய்வதால் பெருகும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மருந்து கொடுத்த காலத்திலும் அதன் பின் மருத்துவர் சொல்லும் நாள்கள் வரையிலும் முட்டையை உண்ணக் கூடாது.

பறவை இறந்தால்

ஒரு பறவை இறந்து, மற்றவை இருக்கும்போது, அதன் உடலே சிறந்த தகவல். உடற்கூறு பரிசோதனைக்கு உடலைப் பையில் கட்டிப் பனிக்கட்டியில் வைத்து அன்றே கால்நடை மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும்; உறையவைத்தால் திசுக்கள் சிதையும்.

ஓரிரு நாள்களில் பல பறவைகள் இறந்தாலும், தலை திருகி நடுங்கினாலும் பறவைக் காய்ச்சலை நினைக்க வேண்டும். உலகெங்கும் பரவியுள்ள எச்5என்1 வகையின் மூதாதை, 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் ஒரு கூஸிடமிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் முதல் பரவல் 2006-இல் மகாராட்டிரத்தின் நவாபூரில் கண்டறியப்பட்டது. இந்த ஐயம் வந்தால் உடலை அறுக்கவோ குழந்தைகளைத் தொடவிடவோ கூடாது. பறவைகளை வெளியே விற்கவும் கூடாது. கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி வளர்ப்பவரின் கடமை. வாத்தும் கூஸும் நோய்க்குறி எதுவும் காட்டாமலே இக்கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், ஒரே முற்றத்தில் கோழிகள் மட்டும் இறப்பதும் எச்சரிக்கையே.

கூட்டத்தில் மீண்டும் சேர்த்தல்

தேறிய பறவை இரண்டு வாரம் பிரிந்திருந்தால் கூட்டத்தின் வரிசையில் அதன் இடம் போயிருக்கும். நேராக உள்ளே விட்டால் ஆண் பறவைகள் துரத்தும். முதலில் சில நாள் வலைத் தடுப்பின் இருபுறமும் தீவனம் வைத்து உண்ணவிட்டு, பிறகு மாலை மேய்ச்சலின்போது திறந்தவெளியில் இணையுடன் சேர்த்து விடுவது எளிது. திறந்தவெளியில் துரத்தப்பட்ட பறவைக்கு ஓட இடம் இருக்கும். அன்றிரவு கொட்டகையில் அது மற்றவற்றோடு சேர்ந்து படுத்திருக்கிறதா, மூலையில் ஒதுங்கி நிற்கிறதா என்று ஒருமுறை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் எடை பார்க்க வேண்டும்.